கள்ளுக்கு விலக்கு; சொல்லுக்குமா?

மேற்கே மலைத்தொடர் நிமிர்ந்து நிற்க, அதன் அடியில் கண்மாயும் கரிசலும் செம்மண்ணும் மாறிமாறி விரியும் நிலத்தில் அமைந்தவை திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும். கண்மாய்க் கரைகளிலும் வரப்போரங்களிலும் பனைகள் நிற்கும். வேனில் வந்துவிட்டால், விடியலில் இறக்கிய பதநீரைக் குடத்தில் ஏந்திச் சாலையோரத்தில் வந்தமர்வான் பனைத்தொழிலாளி. ஓலையை மடித்துப் பட்டை பிடித்து, அதில் பதநீரை வார்த்து, விரும்புவோர்க்கு நுங்கையும் இட்டுக் கொடுப்பான். பனை, ஓலை, பட்டை, பதநீர், நுங்கு, கருப்பட்டி என்று அவன் வாயில் வருவன அனைத்தும் தமிழ். அவன் எந்தத் தனித்தமிழ் மாநாட்டுக்கும் சென்றவனல்லன்; எந்த அகரமுதலியையும் புரட்டியவனல்லன். எனினும் அவன் தொழிலில் அயற்சொல்லுக்கு இடமில்லை.

அதே சாலையில் சற்றுத் தொலைவு சென்றால் அரசின் கடை நிற்கிறது. அதன் நெற்றியில் ‘மதுபானக் கடை’ என்று எழுதியிருக்கிறது. ‘மது’ வடசொல், ‘பானம்’ வடசொல். உள்ளே அடுக்கியிருப்பவை பியர், பிராந்தி, விசுக்கி, இரம். ஒட்டியிருக்கும் கொட்டகைக்குப் பெயர் ‘பார்’. விற்கும் பொருளுக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயரோ ‘இந்தியாவில் செய்த அயல்நாட்டு மதுவகை’! செய்தது இங்கே, பெயர் மட்டும் அயல்நாடு! அக்கடையைச் சுற்றி வழங்குவனவற்றுள் தூய தமிழாக எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. அது, ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்னும் எச்சரிக்கை! கெடுக்கும் பொருளுக்கு அயற்பெயர்; கெட்டபின் அழுவதற்கு மட்டும் தமிழ்!

இந்நிலையைக் கண்டு நாணவேண்டியவர்கள் நாணவில்லை. மாறாக, ‘பியருக்குத் தமிழ் ஏது? அது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பொருள்; அவன் பெயரைத்தானே சொல்லவேண்டும்?’ என்று கேட்கின்றனர், கற்றவர் என்று தம்மைக் கருதிக்கொள்வோர். ஊர்ப்பெயரின் தலையில் ‘ஸ்ரீ’யை ஏற்றிவைத்து மகிழ்வோரும் இவர்களே. ஆண்டாள் தம் பாடல்களில் தம் ஊரைப் ‘புதுவை’ என்றும் ‘வில்லிபுத்தூர்’ என்றுமே வழங்கினார். அந்த அம்மையாரின் தமிழுக்கு இல்லாத ‘ஸ்ரீ’ இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? ஊர்ப்பெயரை இழந்தவர்க்குக் குடிப்பொருளின் பெயரை இழப்பது பெரிதாகத் தோன்றாது. ஆயினும், ‘தமிழ் ஏது?’ என்னும் அவர்தம் கேள்விக்கு விடை உண்டு. அவ்விடை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது.

பத்துப்பாட்டுள் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மேற் பாடியது. அதில் வலைஞர் குடியிருப்பில் பாணர்க்குக் கிடைக்கும் விருந்தைச் சொல்லுமிடத்துப் புலவர், கூலத்திலிருந்து கள் ஆக்கும் முறையை முதலிலிருந்து முடிவுவரை உரைக்கிறார். குற்றாத கொழியலரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்குவது முதற்செயல். அக்கூழுக்குத் ‘துழவை’ என்று பெயர். அதை அகன்ற வாயையுடைய தட்டுப் போன்ற கலத்தில் ஊற்றி ஆற்றுவது அடுத்தது. அக்கலத்துக்குப் ‘பிழா’ என்று பெயர். ஆறிய கூழில் முளையை இடித்துச் சேர்த்த ‘அடை’யைக் கலப்பது மூன்றாவது. இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, வலிய வாயையுடைய ‘சாடி’யில், ‘வழைச்சு’, அஃதாவது பச்சைத்தன்மை, நீங்கும்வரை ‘விளைய’ விடுவது நான்காவது. விளைந்ததை விரலால் அலைத்து அரித்துப் பிழிந்தெடுப்பது இறுதிச் செயல், அவ்வாறு பெறுவதே ‘அரியல்’, அதுவே ‘பிழி’. அந்நூலிலேயே வேறோரிடத்தில், இல்லத்தில் ஆக்கிய இத்தகைய கள் ‘தோப்பி’ எனப்படுகிறது. நெல்லாற் செய்த கள் என்பது உரைகாரர் தரும் பொருள்.

முளையிட்ட கூலம், கரைத்த கூழ், ஆற்றும் கலம், விளையவிடும் சாடி, வடித்தெடுத்தல் ஆகிய ஐந்தும் கூடினால் அது என்ன? வெள்ளையர் ‘பியர்’ என்பதன் செய்முறை வேறென்ன? அவர் வாற்கோதுமையை முளைக்கவிட்டார். தமிழர் நெல்லை முளைக்கவிட்டனர். கூலம் வேறு; நெறி ஒன்றே. எனவே, ‘பியர் வெள்ளையன் கொண்டுவந்த பொருள்’ என்பது அறியாமை. புட்டி அவனுடையது, வணிகம் அவனுடையது. கூலத்தைக் கள்ளாக்கும் அறிவு தமிழனிடம் முன்னரே இருந்தது. அவ்வறிவுக்கு வேண்டிய கலைச்சொற்களும் இருந்தன. கலைச்சொல்லாக்கக் குழு ஒன்றும் கூடாமல், அடுப்படியில் நின்ற பெண்டிர் ஆக்கிய கலைச்சொற்கள் அவை!

அச்சொற்களின் பிறப்பைப் பார்ப்போர்க்கு இன்னொன்றும் விளங்கும். அவற்றுட் பெரும்பாலானவை செயலிலிருந்து பிறந்தவை. துழாவியது துழவை; அரித்தது அரியல்; பிழிந்தது பிழி; கசடு கீழே தங்கத் தெளிந்து தேறியது தேறல். ‘நோய் தேறினான்’, ‘தேர்வில் தேறினான்’ என்று இன்றும் வழங்கும் ‘தேறு’ என்னும் வினையே அது. கலங்கல் நீங்கி நிற்பதே தேறுதல். கள்ளை ஆக்குவதற்கு அக்காலத்தார் வழங்கிய வினை ‘அடுதல்’. அதே வினையிலிருந்து வந்தவை அடுப்பு, அட்டில், அடிசில். மார்கழியில் கூடாரை நாளன்று திருவில்லிபுத்தூர் மக்கள் ‘அக்கார அடிசில்’ என்று நாவினிக்கச் சொல்லும் சொல்லில் ஒளிந்திருப்பது அந்த ‘அடு’ என்னும் வேரே. இனிப்புச் சோற்றில் வாழும் வேர், கள்ளை அடுதல் என்னும் வழக்கில் மடிந்துபோனது. ‘விளைதல்’ வயலில் வாழ்கிறது, சாடியில் மடிந்தது. ‘தேறுதல்’ பள்ளியில் வாழ்கிறது, கலத்தில் மடிந்தது. இவை செத்த சொற்களல்ல. தொழிலிடத்திலிருந்து துரத்தப்பட்ட சொற்கள்!

இங்கே ஆங்கிலேயரை எண்ணிப் பார்ப்பது தகும். ஆங்கிலம் கலவை மொழி. இலத்தீனும் பிரெஞ்சும் கிரேக்கமும் புகுந்து புரண்ட மொழி. அத்தகைய மொழியிலும் பியர் ஆக்கும் தொழிலின் அடிப்படைச் சொற்கள் அயலார்க்கு விடப்படவில்லை. முளைக்கூலத்தைக் குறிக்கும் ‘மால்ட்டு’, கரைத்த கூழைக் குறிக்கும் ‘மேசு’, வடித்த இனிய சாற்றைக் குறிக்கும் ‘வொர்ட்டு’, நொதியைக் குறிக்கும் ‘ஈசுட்டு’, ஆக்கிய குடிநீரைக் குறிக்கும் ‘ஏல்’ ஆகிய அனைத்தும் ஓராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்திலேயே இருந்தவை. கசப்புக்காகச் சேர்க்கும் ‘ஆப்பு’ என்னும் கொடியின் காய் ஒல்லாந்துப் பகுதியிலிருந்து பிற்காலத்தில் வந்தது. அதன் பெயரும் அங்கிருந்தே வந்தது. ஒன்பது கேலன் கொள்ளும் சிறு மரமிடாவுக்கு அவர் வழங்கும் ‘ஃபர்க்கின்’ என்னும் பெயரும் ஒல்லாந்து மொழி தந்ததே. நான்கில் ஒன்று என்பது அதன் பொருள். முப்பத்தாறு கேலன் கொள்ளும் பெருமிடாவில் காற்பங்கு அது. வந்ததை வந்தது என்றும், தமதைத் தமது என்றும் அவர் தெரிந்துவைத்திருக்கின்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே பெருமுதலாளிகளின் ஆலைகள் எழுந்தன. நொதியை வடிகட்டிக் கொன்று, சூடேற்றி, கரிவளியை அடைத்து, மாழை உருளைகளில் நிரப்பிய ஒரே சுவைப் பியர் நாடெங்கும் திணிக்கப்பட்டது. அதைப் பொறாத இளைஞர் நால்வர் 1971-இல் அயர்லாந்தின் மேற்குக் கரையில் விடுமுறையிலிருந்தபோது ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். மிடாவிலேயே உயிரோடு மீண்டும் நொதித்து முதிரும் பழைய குடிநீரைக் காப்பது அவ்வியக்கத்தின் நோக்கம். 1973-இல் அவ்வியக்கம் தன் பெயரிலேயே ‘மெய்யான ஏல்’ என்னும் தொடரை ஏற்றுக்கொண்டது. கவனிக்க: அவர் தேடிப் பிடித்தது ‘ஏல்’ என்னும் தம் முன்னோர் சொல்லை! பொருளைக் காக்கப் புறப்பட்டவர், அப்பொருளின் பழம்பெயரைக் கொடியாகப் பிடித்தனர். ஆலை முதலாளி விற்ற சரக்குக்கும் தாம் போற்றிய சரக்குக்கும் வேற்றுமை காட்ட அவர்க்குக் கிடைத்த படைக்கலம் ஒரு சொல்லே. மரமிடாவின் பெயரும் கூழின் பெயரும் சாற்றின் பெயரும் அவ்வியக்கத்தாரிடையே இன்றும் வழங்குகின்றன. குடிப்பது நன்றா தீதா என்பது வேறு வழக்கு. தொழிலோடு சொல்லையும் சேர்த்துக் காக்கும் உணர்ச்சி அவர்க்கு இருக்கிறது. தமிழர்க்கு இல்லை என்பதே இங்கு வழக்கு.

ஆங்கிலேயர் மட்டுமா? ‘விசுக்கி’ என்பது அயர்லாந்து, காட்லாந்து நாட்டுக் கேலிக்கு மொழியில் உயிர்நீர் என்னும் பொருளுடைய தொடரின் தேய்வு. ‘பிராந்தி’ என்பது சுட்ட பழச்சாறு என்னும் பொருளில் ஒல்லாந்தர் வைத்த பெயரின் தேய்வு. ஒவ்வோர் இனமும் தன் பொருளுக்குத் தன் மொழியிற் பெயர் வைத்தது. உலகம் அப்பெயரை ஏற்றது. தமிழன் மட்டும் தன் பொருளுக்குத் தான் வைத்த பெயரைக் கைவிட்டு, அடுத்தவன் வைத்த பெயரைக் கடன் வாங்கினான்.

அக்கடன் வரலாறு நகைப்புக்குரியது. பனங்கள்ளை ஆங்கிலர் ‘டாடி’ என்பர். அச்சொல் இந்தியின் ‘தாரி’ என்பதிலிருந்து வந்தது. அது பனையைக் குறிக்கும் ‘தார்’ என்பதன் அடியாகப் பிறந்தது. அதற்கு மூலம் வடமொழித் ‘தால’ என்பர். அத் ‘தால’வோ தென்மொழிகளிலிருந்து வடக்கே சென்றது என்று கருதும் மொழியறிஞர் உளர், தெலுங்கில் பனைக்கு இன்றும் ‘தாடி’ என்பதே பெயர். தெற்கில் பிறந்தது வடக்கே சென்று, ஆங்கிலன் வாயில் புகுந்து, சட்ட நூல்களில் ஏறி, ‘டாடி’ ஆகித் தெற்கை ஆள வந்தது. இதற்கிடையில் ‘கள்’ என்னும் சொல் என்ன ஆயிற்று? தமிழில் கள், மலையாளத்தில் கள்ளு, கன்னடத்தில் கள்ளு, தெலுங்கில் கல்லு. தென்னாடு முழுதும் ஒரே சொல் ஓங்கி நிற்கிறது. அந்தச் சொல்லைச் சொன்னால் இழிவாம். ‘டாடி’ என்றால் நாகரிகமாம்!

‘நீரா’வின் கதை இதனினும் இரங்கத்தக்கது. மரத்திலிருந்து இறக்கிய புளிக்காத இனிய சாற்றுக்கு வடநாட்டார் வைத்த பெயர் ‘நீரா’. காந்தியடிகளின் கதர்க் கைத்தொழில் இயக்கத்தின் வழியே அது நாடெங்கும் பரவியது. ‘நீர’ என்னும் வடசொல்லோ தமிழின் ‘நீர்’ என்பதிலிருந்து, தென்மொழிகளிலிருந்து, வடமொழி பெற்ற கடன் என்பதைத் தாமசு பரோ போன்ற மேலைநாட்டு அறிஞரே ஒப்புக்கொண்டுள்ளனர். 2017-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு தென்னையிலிருந்து அச்சாற்றை இறக்க உழவர்க்கு இசைவளிக்க முன்வந்தபோது, அதற்கு என்ன பெயர் வைத்தது? பதநீர் என்றா? அன்று! ‘நீரா’ என்று! தன் வீட்டுப் பிள்ளை அயலூர் சென்று, வால் ஒன்றை ஒட்டிக்கொண்டு திரும்பிவந்தால், அதை விருந்தாளி என்று எண்ணி நடுக்கூடத்தில் அமர்த்திவிட்டு, உடன்பிறந்த பதநீரைத் தெருவுக்குத் துரத்தும் இனம் உலகில் வேறெங்கேனும் உண்டா?

பதநீருக்கோ ஊருக்கோர் அழகிய பெயர் உண்டு. கொங்கு நாட்டார் ‘தெளுவு’ என்பர்; தெளிவின் மரூஉ அது. நெல்லைப் பக்கத்தார் ‘பைனி’ என்பர். குமரி மாவட்டத்தார் ‘அக்கானி’ என்பர். இத்தனையும் இருக்க, ‘நீரா’ எதற்கு? கருப்பட்டிக்கும் இதே கதைதான். வடமொழிச் ‘சர்க்கரா’ மலையாள, கன்னட நாடுகளின் வழியே போர்த்துக்கீசியர் வாயிற் புகுந்து, ஆங்கிலத்தில் ‘சாகரி’ என்றாயிற்று. இன்று ஏற்றுமதிப் பெட்டிகளின்மேல் அப்பெயரே ஒட்டப்படுகிறது. கருப்பட்டி, வெல்லம் என்னும் சொற்கள் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன.

இனிப் பனையடிக்கு வருவோம் என்று எந்தப் புலவரும் வருவதில்லை. வந்தால் அவர் காணப்போவது ஒரு சொற்களஞ்சியம். இளம்பனை வடலி. அதன் இளங்காய் குரும்பை. பெண்பனை பருவப்பனை, ஆண்பனை அலகுப்பனை. இளவோலை குருத்தோலை, முற்றியது சாரோலை, காய்ந்து தொங்குவது காவோலை. மட்டையின் அடியைச் சுற்றி வலைபோற் படர்ந்திருப்பது பன்னாடை. ஏறுவோன் தன் கால்களைப் பிணைத்துக்கொள்ளும் கயிறு தளைநார். யாப்பிலக்கணத்தில் சீரோடு சீரைப் பிணைப்பதற்குப் புலவர் வைத்த பெயரும் ‘தளை’தானே? பாளையை நெரித்துப் பதப்படுத்தும் மரக்கருவி கடிப்பு. கழக நூல்களில் அரசரின் முரசை அறைந்த குறுந்தடியும் ‘கடிப்பு’ என்னும் பெயரே பெற்றிருந்தது. சீவும் கருவி பாளையரிவாள். அதை இடுப்பிற் கட்டிச் செல்வது அரிவாள்பெட்டி. சொட்டுச் சொட்டாக வடிவதைத் தாங்குவது கலயம். பதநீரைக் காய்ச்சும் குடிசை விடிலி. காய்ச்சுவோர் கண்ணாலும் விரலாலும் அறிவது பதம். கட்டியாக வார்க்கும் அச்சு சிரட்டை. கல்லூரியில் ‘வெட்ப இயக்கவியல்’ படித்தவனும் அளவுமானி இன்றிக் கண்டறிய முடியாத நிலையை, எழுத்தறியாத அம்மை ஒருத்தி ‘பதம் வந்துவிட்டது’ என்னும் இரண்டு சொற்களில் முடிக்கிறாள்.

இக்களஞ்சியம் அழிவது எதனால்? சட்டத்தாலும் நாணத்தாலும்.

சட்டத்தின் கதை: 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய குடிவிலக்கு 1948-இல் சென்னை மாநிலம் முழுமைக்கும் பரவியது. 1971-இல் அது தளர்ந்து கள்ளுக்கடைகள் திறந்தன, 1974-இல் மூடின. 1981-இல் மீண்டும் திறந்தன. 1987-இல் கள் மீண்டும் விலக்கப்பட்டது. அவ்விலக்கு இன்றுவரை நீங்கவில்லை. ஆனால் 1983-இல் அரசே தொடங்கிய வாணிபக் கழகம் 2003-இல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. பனையில் வடியும் கள் குற்றம். ஆலையில் வடியும் பியர் அரசின் வருவாய்! அண்டை மலையாள நாட்டில் கள்ளுக்கடை இசைவுபெற்று நடக்கிறது. மலைக்கு இப்புறம் அது குற்றம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால், புளிப்பேறாமல் நின்று அது பதநீர். தடவாவிட்டால், ஒருசில மணிப்பொழுதில் நுரைத்துப் புளித்து அது கள். ஒரு விரல் சுண்ணாம்பே தொழிலாளிக்கும் குற்றவாளிக்கும் நடுவேயுள்ள எல்லை. அந்த எல்லையில் ஒவ்வொரு விடியலும் அஞ்சி அஞ்சி ஏறி இறங்கும் தொழிலைத் தன் மகனும் செய்யவேண்டும் என்று எந்தத் தந்தை விரும்புவான்?

நாணத்தின் கதை: ‘பனையேறி’ என்பது உயிரைப் பணயம் வைத்து உழைக்கும் ஒருவனின் தொழிற்பெயர். அதை வசைச்சொல்லாக்கியது இக்குமுகாயம். வசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தந்தையின் தளைநாரைப் பரண்மேல் எறிந்துவிட்டு நகரத்துக்குச் செல்கிறான். தளைநாரோடு ‘தளை’யும் பரண்மேல் ஏறுகிறது, கடிப்போடு ‘கடிப்பு’ம் மடிகிறது. காவோலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்பது பழமொழி. முதிய பனையேறியின் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் பட்டம்பெற்ற இளைஞன், தன் காலத்தில் சிரிப்பதற்குக்கூடத் தமிழ்ச்சொல் எஞ்சியிராது என்பதை அறியான்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-இல் அரசு கொண்டுவந்த வேளாண்மைக்கான தனி வரவுசெலவுத் திட்டத்தில், மாவட்ட ஆட்சியரின் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது என்று அறிவிக்கப்பட்டது. நன்று, வரவேற்கத்தக்கது. மரத்தை வெட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். மரத்தைச் சுற்றி வளர்ந்த மொழியை வெட்ட யாருடைய இசைவும் வேண்டா என்பதுதான் இன்றைய நிலை.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். அதுவும் வெளியாரிடமிருந்து அன்று. தனித்தமிழ்ப் பற்றாளரிடமிருந்தே எழும். ‘வள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஓரதிகாரமே வகுத்தார். குடி தமிழனைக் கெடுத்தது. அவ்வாறிருக்கக் கள்ளின் சொற்களைத் தேடுவது கள்ளுக்குக் கொடிபிடிப்பதாகாதா?’ என்பர். பனைமரத்தின் கீழிருந்து பாலைக் குடித்தாலும் கள் என்றே ஊர் சொல்லும் என்பது அவர்தம் அச்சம்.

அத்தடை நேர்மையானது, ஆகவே நேர்மையான விடை அதற்கு வேண்டும். வள்ளுவர் கள்ளை விலக்கினார். கள் என்னும் சொல்லை விலக்கவில்லை. விலக்கவேண்டிய பொருளையும் அதன் தூய பெயரால் அழைத்தே விலக்கினார். ‘மதுவிலக்கு’ என்று வடசொல்லின் பின்னால் மறைந்து நின்று அவர் பேசவில்லை. தீயதைத் தீயதென்று சொல்லவும் தன்மொழி வேண்டும். பகைவனைப் பெயர்சொல்லி அழைக்கத் தெரியாதவன் பகையை வெல்வது எங்ஙனம்? ‘கள்’ என்றால் குற்றமாகவும், ‘பியர்’ என்றால் கொண்டாட்டமாகவும் தோன்றும் இற்றை மயக்கம், சொல் மாறியதால் விளைந்த மயக்கம் அன்றோ? இழிவை மறைக்கும் திரையாக அயற்சொல் பயன்படுகிறது. அத்திரையைக் கிழித்துப் பியரைப் ‘புட்டியில் அடைத்த தோப்பி’ என்று சொல்லிப் பாருங்கள். அதன் பகட்டில் பாதி அன்றே கழன்று விழும். சொல்லைக் காப்பது குடியைக் காப்பதன்று. குடியை எதிர்ப்போர்க்கே அச்சொல் முதலில் வேண்டும்.

மேலும், இச்சொற்கள் குடிக்கு மட்டும் உரியனவல்ல. துழவையும் சாடியும் வழைச்சும் விளைச்சலும் நொதிப்புத் தொழிலனைத்துக்கும் உரியவை. இட்டிலி மாவு புளிப்பதும், தயிர் உறைவதும், மருந்து ஆக்கும் ஆலைகளில் நுண்ணுயிர் பெருக்குவதும் அத்தொழிலின் கிளைகளே. வேதியியலைத் தமிழிற் கற்பிக்கப் புகுவோர் இச்சொற்களை எடுத்தாள மறந்து, மேலைச்சொற்களை ஒலிபெயர்த்து வைத்துவிட்டு, ‘தமிழில் கலைச்சொல் இல்லை’ என்று கைவிரிக்கின்றனர். வேறு சிலர் அறைக்குள் அமர்ந்து புதிய சொற்களைப் பின்னுகின்றனர். வடலி வளர்த்துக் கள் குடிக்கவா என்பது தென்னாட்டுப் பழமொழி. வளர்ந்த பனை வாயிலில் நிற்க, வடலி வளர்க்கப் புறப்பட்ட கதை அது. புதுச்சொல் ஆக்குவது தேவை. பழஞ்சொல் மாண்டது என்று உறுதிசெய்த பின்னரே அத்தேவை எழும். உயிரோடிருக்கும் சொல்லுக்குப் பாடை கட்டுவது தமிழ்ப்பணி ஆகாது.

இவ்வுண்மையைத் தன் வாழ்வாற் காட்டியவர் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர். அவர் 1902-இல் பிறந்தது இராசபாளையத்துக்குத் தெற்கேயுள்ள சங்கரநயினார்கோயில். இளமையில் அவர் ஆசிரியப் பணி தொடங்கியது இராசபாளையத்தை அடுத்த முறம்புச் சீயோன்மலையில். இன்று அங்கே அவர் பெயரால் கோட்டம் ஒன்று நிற்கிறது. தாள், தண்டு, கோல் என்று அடிமரத்துக்கும், இலை, தாள், தோகை, ஓலை என்று இலைக்கும், வடு, மூசு, குரும்பை என்று பிஞ்சுக்கும் தமிழ் வகுத்துவைத்த வேறுபாடுகளை அவர் தொகுத்துக் காட்டியபோது, நாட்டின் வளமே சொல்லின் வளம் என்பது தெளிவாயிற்று. நூலகத்தின் ஏட்டை மட்டும் நம்பியிருந்தால் அத்தொகுப்பு வந்திராது. உழவன் வாயும் அவர்க்கு ஏடாக இருந்தது. 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்று, 1981-இல் மதுரையில் உயிர்நீக்கும்வரை அவர் உழைத்தார். அவர் முதலிற் பாடஞ்சொன்ன மண்ணைச் சுற்றிலும் பனைகள் நிற்கின்றன. அப்பனைகளில் ஏறுவோரிடம் ஏடும் எழுதுகோலும் ஏந்திச் சென்றவர் எத்தனை பேர்?

பெரும்பணம் வேண்டா, பேரவை வேண்டா, அரசின் ஆணையும் வேண்டா. திருவில்லிபுத்தூர், இராசபாளையம், வத்திராயிருப்பு வட்டாரங்களில் இயங்கும் தமிழ் மன்றங்கள் ஒவ்வொன்றும் ஒரு பனைப்பருவத்தை, தைமுதல் ஆடிவரையுள்ள திங்கள்களை, இதற்கென ஒதுக்கினால் போதும். இளைஞர் இருவர் இருவராகச் சென்று, முதிய பனைத்தொழிலாளரையும் விடிலியில் காய்ச்சும் அம்மையரையும் கண்டு, கருவிகளின் பெயர், உறுப்புகளின் பெயர், பருவங்களின் பெயர், சுவைகளின் பெயர், குறைகளின் பெயர் ஆகியவற்றை அவர் சொல்லும் ஒலியிலேயே எழுதுவாராக. ஊர்தோறும் மாறும் வழக்கையும் சேர்த்து எழுதுவாராக. எழுதியதைத் திருத்தாமல், ‘செந்தமிழாக்காமல்’, அவ்வாறே அச்சிடுவாராக. அச்சிட்ட முதற்படியை அச்சொற்களைத் தந்தவர் கையிலேயே கொடுப்பாராக. தன் தந்தையின் பேச்சு நூலானதைக் காணும் பிள்ளை, அப்பேச்சுக்காக மீண்டும் நாணமாட்டான்.

மாணாக்கரை வகைப்படுத்தும் நன்னூல் கடைப்பட்டவரை எவற்றோடு ஒப்பிடுகிறது? நெய்யரியும் அவற்றுள் ஒன்று. உரையாசிரியர் அதைப் பன்னாடை என்று விளக்குவர். தெளிந்ததை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்வது பன்னாடையின் இயல்பு. பனைமேல் இருக்கும்வரை அது மட்டையைக் காக்கும் காவல். மனிதன் அறிவில் அது புகுந்தால் கேடு. துழவையும் தேறலும் தோப்பியும் பதநீரும் ஒழுகிப் போகவிட்டு, மதுபானம், நீரா, பியர், பார் என்னும் மண்டியைப் பற்றிக்கொண்டு நிற்கிறது இற்றைத் தமிழ்க் குமுகாயம். பன்னாடைக்குத் தெரிவு இல்லை. அது மரத்தின் நார். தமிழனுக்குத் தெரிவு உண்டு. இந்தத் தலைமுறையின் கடைசிப் பனையேறி இறங்கி வருவதற்குள் அவன் அதைச் செய்யவேண்டும்.